60 வோல்ட்டைத் தாண்டும் வண்டிக்குப் பேட்டரி கனெக்டர்: வரைவதிலிருந்து வெட்டிப் பார்ப்பது வரை

பெங்களூரு கோரமங்கலாவில் உணவு டெலிவரி ஓட்டும் ஒரு தம்பி, திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், தன் ஸ்கூட்டரின் பேட்டரி கனெக்டரை ஒரு பாலித்தீன் பையில் போட்டு என்னிடம் எடுத்து வந்தார். வெளியே பிளாஸ்டிக் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே பாசிட்டிவ் பின்னின் மூக்கு மட்டும் எறும்பு அரித்த வெல்லக்கட்டி மாதிரி குழிகுழியாகக் கருத்திருந்தது. அதே பின்னின் அடிப்பகுதி புதுசு போல மின்னியது.

"ரொம்ப நாளா கழட்டும்போது பட்டுனு ஒரு சத்தம் வரும்ணா. நீலமா ஒரு பொறி. மத்தபடி வண்டி நல்லாதான் ஓடுச்சு" என்றார்.

வண்டி ஓடும்போது அந்தக் கனெக்டரில் ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னையே எரித்துக்கொண்டிருந்தது. அதை வரைந்தவர் மின்சாரம் பாயும் நிலையை மட்டும் மனதில் வைத்து வரைந்திருக்கிறார். வோல்டேஜ் ஏறும்போது கனெக்டரின் கஷ்டமான நேரம் மாறிவிடுகிறது. குறைந்த வோல்டேஜில் சூடுதான் பகை. அதிக வோல்டேஜில் பிரிகிற அந்தக் கணம்தான் பகை. அதனால் டிசைனை அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும், அத்திப்பள்ளி தாண்டி ஓசூரிலும் ஹார்னஸ் (வண்டியின் ஒயர் கட்டு), கனெக்டர் வேலையில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பலரும் 12 வோல்ட் பழக்கத்தோடு இதற்குள் வருகிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஒரு சரக்கு மூன்று சக்கர வண்டியை எடுத்துக்கொள்வோம்: மோட்டார் 6 கிலோவாட், பேட்டரி 96 வோல்ட்.

எதற்காக வோல்டேஜை ஏற்றுகிறோம்

கணக்கு எளிது. 6 கிலோவாட்டை 48 வோல்ட்டில் எடுத்தால் 125 ஆம்பியர். 96 வோல்ட்டில் 62.5 ஆம்பியர். 400 வோல்ட்டில் வெறும் 15. கனெக்டரில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே மின்னோட்டம் பாதியானால் சூடு கால்வாசி ஆகிறது. ஒயர் மெலிகிறது, செம்பு மிச்சமாகிறது, வண்டியின் எடை குறைகிறது.

ஆனால் இதற்கு விலை உண்டு. கார் உலகம் அதை ஒருமுறை நேரிலேயே பார்த்தது. 1990-களின் கடைசியில், எல்லாக் கார்களும் 42 வோல்ட்டுக்கு மாறப் போகின்றன என்று பெரிய பேச்சு இருந்தது. 36 வோல்ட் பேட்டரி, சார்ஜ் ஆகும்போது 42 வோல்ட். டொயோட்டா 2001-இல் ஜப்பானில் கிரவுன் காரை அப்படி ஒரு மைல்ட் ஹைப்ரிடாக விற்கவும் செய்தது. ஆனால் பரவவில்லை. செலவு ஒரு காரணம். ஒவ்வொரு சுவிட்சிலும் ரிலேயிலும் கனெக்டரிலும் மின்வில்லை, அதாவது முனைகள் பிரியும்போது காற்றில் எரியும் பொறியை (ஆர்க்), அடக்க வேண்டி வந்தது இன்னொரு காரணம்.

படி 1: வோல்டேஜை எழுதி வையுங்கள், ஆனால் சரியான வோல்டேஜை

பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் 96 வோல்ட்டை வைத்து டிசைன் செய்யாதீர்கள். அது சராசரி. 96 வோல்ட் என்றால் லித்தியம் என்.எம்.சி (நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட்) வகை செல்கள் 26 தொடராக இருக்கும். முழு சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட், மொத்தம் 109.2. எல்.எஃப்.பி (இரும்பு பாஸ்பேட்) வகை என்றால் 30 செல், 109.5. மோட்டார் பிரேக் போடும்போது திரும்பி வரும் மின்சாரம் இதற்கு மேலும் கொஞ்சம் தூக்கும். டிசைன் வோல்டேஜ் இந்த உச்சத்தைத் தாங்குவதாக இருக்க வேண்டும்.

இங்கே ஒரு முக்கியமான எல்லைக்கோடு இருக்கிறது. அது 60 வோல்ட் டி.சி. சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ 6469-3-இலும், நம் நாட்டின் ஏ.ஐ.எஸ் 038 (கார், பஸ், லாரி), ஏ.ஐ.எஸ் 156 (இரண்டு, மூன்று சக்கர வண்டிகள்) ஆகியவற்றிலும் கோடு அங்கேதான். அதைத் தாண்டினால் மனிதர் தொட்டால் ஆபத்து என்ற வகைக்குள் வந்துவிடுகிறோம். நிறைய ஸ்கூட்டர்களில் 14 தொடர் செல் வைப்பதன் ரகசியம் இதுதான்: 14 × 4.2 = 58.8. கோட்டுக்கு ஒரு அங்குலம் கீழே நின்றுவிடுகிறார்கள்.

நம் வண்டி கோட்டைத் தாண்டிவிட்டது. அதனால் விரல் பாதுகாப்பு, ஆரஞ்சு நிற ஒயர், எச்சரிக்கைக் குறி, காப்புத்தடை (இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ்) எல்லாம் கட்டாயம். 2022-இல் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகு ஏ.ஐ.எஸ் 156-ஐ இறுக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் கடைசியிலும் இரண்டு கட்டமாக அமலுக்குக் கொண்டுவந்தார்கள். பழைய பிரதியை வைத்து வேலை தொடங்கிவிடாதீர்கள். கையில் இருப்பது எந்தத் திருத்தம் என்று முதல் நாளே பாருங்கள்.

கூடவே மூன்று விஷயங்களை ஒரே தாளில் எழுதுங்கள். தொடர்ந்து எத்தனை ஆம்பியர், மேட்டில் ஏறும்போது எத்தனை நொடிக்கு எத்தனை ஆம்பியர், வண்டியின் ஆயுளில் எத்தனை முறை கழற்றி மாட்டுவார்கள். கடைசிக் கேள்விக்குத்தான் யாரிடமும் பதில் இருக்காது. விடாமல் கேளுங்கள். சர்வீஸில் மட்டும் கழற்றும் கனெக்டருக்கு 50 தடவை தாராளம். தினமும் பேட்டரி மாற்றும் வண்டிக்கு அது இரண்டு மாதம்கூட வராது. இரண்டுக்கும் ஒரே கனெக்டர் போட முடியாது.

படி 2: பிரியும் கணத்தை வரையுங்கள்

இரண்டு செம்பு முனைகளைப் பிரிக்கும்போது நடுவே மின்வில் எரிய ஏறக்குறைய 13 வோல்ட் தேவை. வெள்ளிக்கு 12. பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டர் ஓடும்போது 14 வோல்ட் இருக்கும். அதாவது மின்வில் பிறக்கலாமா வேண்டாமா என்ற விளிம்பில் நம் தாத்தா காலத்திலிருந்து ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். அதனால்தான் 12 வோல்ட் கனெக்டரை எப்படிப் பிடுங்கினாலும் ஒன்றும் ஆகவில்லை. 109 வோல்ட்டில் அந்தச் சலுகை கிடையாது. வீட்டு ஏ.சி மின்சாரமாவது நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுப் போகும், அப்போது வில் அணைய வாய்ப்பு கிடைக்கும். டி.சி-யில் அந்த மூச்சு விடும் இடமே இல்லை. பிரிக்கப் பிரிக்க வில் கூடவே நீளும்.

ஆகவே விதி ஒன்றுதான்: மின்சாரம் பாயும்போது பவர் பின்கள் பிரியவே கூடாது. கனெக்டரைத் திறக்கிறார்கள் என்ற செய்தி பேட்டரிக்கு முன்கூட்டியே போக வேண்டும். இதற்குத்தான் இன்டர்லாக். இரண்டு சிறிய பின்கள் வழியே ஒரு மெல்லிய சுற்று ஓடும். அந்தப் பின்களைப் பவர் பின்களைவிடக் குட்டையாக வைப்பார்கள். மாட்டும்போது கடைசியில் சேரும், கழற்றும்போது முதலில் பிரியும். பிரிந்ததும் பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணுப் பலகையான பி.எம்.எஸ் கவனித்து, மெயின் கான்டாக்டரை, அதாவது பேட்டரியை வண்டியோடு இணைக்கும் பெரிய ரிலேயை, திறந்துவிடும்.

படத்தில் பார்க்க அழகாக இருக்கும். இப்போது கையில் கணக்குப் போடுங்கள். இன்டர்லாக் பின் 5 மி.மீ குட்டை என்று வையுங்கள். ஒரு மனிதர் வேகமாகப் பிடுங்கினால் நொடிக்கு அரை மீட்டர் வேகம் சாதாரணம். 5 மி.மீ தூரத்தைக் கடக்க 10 மில்லிசெகண்ட். பி.எம்.எஸ் உணர்ந்து, உறுதி செய்து, கான்டாக்டர் திறக்கப் பத்துக் கணக்கான மில்லிசெகண்ட் ஆகும். அதற்குள் பவர் பின் பிரிந்துவிட்டது. குட்டைப் பின் மட்டும் போட்டு இன்டர்லாக் வைத்துவிட்டோம் என்று நினைப்பது தப்பு. இந்தத் தப்பை நானும் ஒரு டிசைனில் செய்திருக்கிறேன். மேசையில் மெதுவாகக் கழற்றியபோதெல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. ஒருவர் அவசரத்தில் இழுத்த அன்றுதான் பொறி பறந்தது.

தீர்வு: கையை ஒரு நொடி நிறுத்த வேண்டும். நெம்புகோலை இரண்டு கட்டமாக வையுங்கள். முதல் அசைவில் இன்டர்லாக் பிரிந்து நெம்புகோல் ஒரு தடுப்பில் போய் நிற்கட்டும். இன்னொரு தாழை விரலால் அழுத்தினால்தான் அடுத்த அசைவு. மனிதக் கை இரண்டாவது வேலைக்கு மாற அரை நொடியாவது எடுக்கும். அந்த அரை நொடி கான்டாக்டருக்குத் தாராளம். நெம்புகோல் வைத்தால் மாட்டும் விசையும் குறையும். நெம்புகோல் இல்லாமல் கையால் நேரே அழுத்தும் கனெக்டருக்கு 75 நியூட்டன் என்பது வாகனத் துறையில் பழக்கமான உச்ச வரம்பு.

கான்டாக்டர் திறந்த பிறகும் வேலை முடியவில்லை. மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் சார்ஜோடு உட்கார்ந்திருக்கும். கருவி இல்லாமல் கையாலேயே கழற்றக்கூடிய கனெக்டர் என்றால், பிரிந்த ஒரு நொடிக்குள் வெளியே தெரியும் முனைகளில் வோல்டேஜ் 60-க்குக் கீழே வர வேண்டும். இதை கன்ட்ரோலர் செய்பவரோடு உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். அது அவர்கள் வேலை என்று விட்டால், அவர்கள் அது கனெக்டர்காரர் வேலை என்று விட்டிருப்பார்கள்.

மாட்டும்போது இதே கெப்பாசிட்டர் எதிர்ப்பக்கத்தில் தொல்லை தரும். 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை 109 வோல்ட்டுக்கு நிரப்பினால் அதில் ஏறக்குறைய 6 ஜூல் சேரும். தடை ஏதும் இல்லாமல் பின் நேராகத் தொட்டால், கெப்பாசிட்டருக்குள் ஓடும் மின்னோட்டம் பலநூறு ஆம்பியராக ஒரு கணம் பாய்ந்து பின் மூக்கில் குழி தோண்டும். கெப்பாசிட்டரை முதலில் மெதுவாக நிரப்பும் ப்ரீசார்ஜ் ரெசிஸ்டர் ஒன்று போதும். 100 ஓம் வைத்தால் அரை நொடியில் கெப்பாசிட்டர் கிட்டத்தட்ட நிரம்பிவிடும், அதற்குப் பிறகு மெயின் கான்டாக்டர் மூடட்டும்.

இவ்வளவு செய்தும் ஒருநாள் ஏதோ தவறி மின்வில் வரும் என்றே வைத்துக்கொண்டு வரையுங்கள். பின்னின் மூக்கில் 3, 4 மி.மீ-ஐ எரியட்டும் என்று ஒதுக்கிவிடுங்கள். முழுதாக மாட்டிய நிலையில் ஸ்பிரிங் தொடும் இடம் அதற்கு நன்றாகப் பின்னால் இருக்கட்டும். டெலிவரி தம்பியின் வண்டி அவ்வளவு நாள் ஓடியதற்குக் காரணம் அந்த இடைவெளிதான். அவருடைய கனெக்டரில் அது தற்செயலாக அமைந்ததோ வேண்டுமென்றே வைத்ததோ, உங்கள் டிசைனில் வேண்டுமென்றே இருக்கட்டும்.

படி 3: தொடும் இடம்

இரண்டு உலோகங்களைச் சேர்த்து அழுத்தினால் கண்ணுக்கு முழுப் பரப்பும் தொடுவதுபோல் தெரியும். உண்மையில் மேடுகளின் நுனிகள் சில மட்டுமே தொடுகின்றன. மின்சாரம் முழுதும் அந்தச் சில புள்ளிகள் வழியாக நெருக்கியடித்துப் போகிறது. பரப்பை அகலப்படுத்துவதைவிட, தொடும் புள்ளிகளின் எண்ணிக்கையையும் அழுத்தத்தையும் கூட்டுவதே பயன். லேமெல்லா எனப்படும் பல விரல் ஸ்பிரிங் பட்டைகள் இதற்காகத்தான்.

ஒரு தொடர்பின் தடை புதிதாக 0.3 மில்லிஓம் என்று வையுங்கள். 62.5 ஆம்பியரில் 1.2 வாட் சூடு. பிரச்சினை இல்லை. நாளாக ஆக அது 1 மில்லிஓம் ஆனால் 3.9 வாட். சீல் போட்டு மூடிய சின்னப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் 3.9 வாட் என்றால் நிலைமை வேறு. சூடு ஸ்பிரிங்கைத் தளர்த்தும், தளர்ந்தால் தடை ஏறும், தடை ஏறினால் சூடு. அதனால் டேட்டாஷீட்டில் இருக்கும் புதுக் கனெக்டரின் தடையை நான் அதிகம் மதிப்பதில்லை. ஆயுள் சோதனை முடிந்த பிறகு என்ன தடை என்பதே என் முதல் கேள்வி.

உலோகம் பற்றி. பீன்யாவில் ஒரு டர்னிங் பட்டறை. ஓனர் தர்மபுரிக்காரர், முப்பது வருஷமாக லேத்தோடு வாழ்பவர். வரைபடத்தைப் பார்த்ததும், "தம்பி, இதை பித்தளையில போட்டுரலாமே. சில்லு சில்லா உடைஞ்சு வரும், ஃபினிஷ் கண்ணாடி மாதிரி இருக்கும். செம்பு சனியன், கம்பி கம்பியா சுத்திக்கும்" என்றார்.

"சரிங்கண்ணா, ஆனா பித்தளை கரண்டை அவ்வளவா விடாதுங்களே" என்றேன்.

அவர் சொன்னதும் உண்மை, நான் சொன்னதும் உண்மை. சுத்தச் செம்பின் கடத்துத்திறனை 100 என்று வைத்தால், சாதாரணக் கனெக்டர் பித்தளை 28 தான். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு: டெல்லூரியம் கலந்த செம்பு. கடத்துத்திறன் 90-க்கு மேல், லேத்தில் பித்தளைக்கு நெருக்கமாகவே வெட்டுப்படும். விலை கொஞ்சம் கூட. பட்டறைக்காரரிடம் ஒரு கிலோ கம்பி வாங்கிக் கொடுத்து வெட்டிப் பார்க்கச் சொன்னேன். அன்று மாலையே போன் வந்தது: "இது பரவாயில்ல தம்பி." ஸ்பிரிங்குக்கு வேறு கணக்கு. அங்கே கடத்துத்திறனைவிட, சூட்டில் நாள்பட இருந்தாலும் அழுத்தத்தை விடாத குணம்தான் முக்கியம். அதற்குச் செம்புக் கலவைகளில் தனிவகை உண்டு. பின்னுக்கும் ஸ்பிரிங்குக்கும் ஒரே உலோகம் தேடாதீர்கள்.

பூச்சில் வெள்ளீயம் மலிவு. ஆனால் நம் சாலைகளின் அதிர்வில் தொடும் இடம் மைக்ரான் கணக்கில் முன்னும் பின்னும் உரசும். உரசலில் வெள்ளீயம் ஆக்சைடு பொடியாகி நடுவே சேரும், தடை ஏறும். பவர் தொடர்புக்கு வெள்ளி போடுங்கள். கந்தகம் பட்டால் வெள்ளி கருக்கும், பார்ப்பதற்கு அசிங்கமாக இருக்கும். ஆனால் அந்தக் கருமை மென்மையானது, போதுமான அழுத்தம் இருந்தால் உடைந்து வழிவிடும். மெல்லிய மின்னோட்டம் ஓடும் இன்டர்லாக் பின்களுக்குத் தங்கப் பூச்சு சரி. அங்கே மிச்சம் பிடிக்க வேண்டாம்.

படி 4: காக்கை தூரம், எறும்பு தூரம்

பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் நடுவே இரண்டு தூரங்கள் உண்டு. காக்கை நேராகப் பறந்து போகும் தூரம் ஒன்று, பிளாஸ்டிக்கின் மேல் எறும்பு ஊர்ந்து போகும் தூரம் இன்னொன்று. காற்று உடைந்து மின்சாரம் தாவுவது காக்கை வழியில். தூசியும் ஈரமும் படிந்து மெல்லமெல்லக் கரிக்கோடு போட்டுக் கசிவது எறும்பு வழியில். இந்த வண்டிகளில் பெரும்பாலும் எறும்பு வழிதான் நம்மை மாட்டிவிடும்.

இந்தத் தூரங்களுக்கான சர்வதேசத் தரமான ஐ.இ.சி 60664-1 அட்டவணையில் பாருங்கள். நம் 109 வோல்ட் 125 வோல்ட் வரிசையில் விழும். ஈரமும் கடத்தும் தூசியும் உள்ள சூழல், சாதாரணப் பிளாஸ்டிக் என்றால் அடிப்படைக் காப்புக்கு 2.4 மி.மீ. நன்றாகச் சீல் செய்த உட்புறம் என்றால் 1.5 போதும். 400 வோல்ட்டில் இதே எண்கள் 6.3, 4.0 ஆகின்றன. 800 வோல்ட்டில் 12.5, 8.0. இரட்டைக் காப்பு வேண்டிய இடத்தில் இரண்டு மடங்கு. தூரம் போதவில்லை என்றால் நடுவே ஒரு சுவரோ பள்ளமோ வையுங்கள். எறும்பு ஏறி இறங்கியாக வேண்டும் அல்லவா. ஆனால் குறுகலான பள்ளத்தை எறும்பு தாண்டிவிடும் என்று அந்தத் தரமே சொல்கிறது. ஒரு மி.மீ-க்குக் குறைவான பள்ளம் பெரும்பாலும் கணக்கில் வராது.

நான் 2.4 இருக்கும் இடத்தில் 4 வைப்பேன். சீல் ஒருநாள் தோற்கும் என்று நினைத்து வரைவது நல்லது. அதுவும் இந்தச் சின்ன வண்டிகளில் இடம் இருக்கிறது, ஒன்றரை மி.மீ-க்காக யாரும் சண்டை போட மாட்டார்கள்.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்குச் சற்று மேலே. அட்டவணை 2000 மீட்டர் வரை செல்லும், அதனால் இங்கே கவலையில்லை. வண்டி லடாக் போகும் என்றால் கார்துங் லா 5300 மீட்டருக்கும் மேல். காற்று மெலிந்தால் காக்கை வழி பலவீனமாகும். 5000 மீட்டருக்குக் காற்றிடைவெளியை 1.48 மடங்காக்க வேண்டும்.

பிறகு விரல். 12 மி.மீ தடிமனும் 80 மி.மீ நீளமும் உள்ள சோதனை விரலால் துழாவினால் உயிருள்ள உலோகம் தட்டுப்படக் கூடாது. பேட்டரிப் பக்கம்தான் எப்போதும் உயிரோடு இருப்பது, அதனால் அங்கே சாக்கெட்டை உள்ளே புதைத்து வையுங்கள். பின் வண்டிப் பக்கம் இருக்கட்டும். பின்னின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் தொப்பி வைத்தால் விரல் உலோகத்தைத் தொடாது. குழந்தை விரல் இதைவிடச் சின்னது. வீட்டு வாசலில் நின்று சார்ஜ் ஆகும் வண்டி என்றால் சோதனை விரலோடு திருப்தி அடையாதீர்கள், தொப்பியையும் துளையையும் இன்னும் இறுக்குங்கள்.

படி 5: பிளாஸ்டிக்

கண்ணாடி இழை கலந்த பி.பி.டி அல்லது நைலான் 66. இரண்டும் சரிதான், இரண்டுக்கும் ஒரு குணக்கேடு உண்டு. நைலான் ஈரம் குடிக்கும், குடித்தால் உப்பும். பிப்ரவரியில் பெங்களூருவில் அளந்த ஹவுசிங்கும் நவம்பரில் சென்னையில் அளந்ததும் ஒரே அளவில் இருக்காது, தாழ் இறுக்கம் மாறும். பி.பி.டி உப்பாது, ஆனால் சூடும் ஈரமும் சேர்ந்து நாள்பட்டால் உள்ளுக்குள் நொறுங்கும். அதைத் தாங்கும் தனி ரகம் கேட்டு வாங்குங்கள். தீப்பிடிக்காமல் இருக்க வி-0 ரகம் கேட்பீர்கள். அந்தத் தீத்தடுப்பு மருந்துகளில் சில, மேற்பரப்பில் கரிக்கோடு போடுவதை எதிர்க்கும் திறனைக் குறைத்துவிடும். அதனால் வி-0 சான்றிதழோடு கரிக்கோட்டு எண்ணையும் (சி.டி.ஐ) சேர்த்துக் கேளுங்கள். விற்பனையாளர்கள் முதலாவதை ஓடி வந்து தருவார்கள், இரண்டாவதை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

படி 6: தண்ணீர்

2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலையும் பெல்லந்தூரும் ஏரியாகக் கிடந்தது இங்கே இருப்பவர்களுக்கு மறந்திருக்காது. அந்தத் தண்ணீரில் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தண்ணீர்த் தடுப்புக் குறியீட்டில் ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். போதும் என்று தோன்றும்.

போதாது. வண்டி ஓடி வந்து கனெக்டர் உள்ளே 80 டிகிரி என்று வையுங்கள். 25 டிகிரித் தண்ணீரில் சட்டென இறங்குகிறது. உள்ளே அடைபட்ட காற்று குளிர்ந்து சுருங்கும், அழுத்தம் ஏறக்குறைய 16 சதவீதம் விழும். அது 1.6 மீட்டர் தண்ணீர் உறிஞ்சும் விசைக்குச் சமம். ஐபி67 சோதனையின் ஒரு மீட்டரைவிட அதிகம்! குளிர்ந்த கனெக்டரை முக்கிச் சோதித்தால் இது தெரியவே தெரியாது. அதனால் முதலில் அடுப்பில் சூடாக்கி, அப்படியே குளிர்ந்த தண்ணீரில் போட்டுச் சோதியுங்கள். சர்வீஸ் சென்டரில் பிரஷர் வாஷ் அடிப்பார்கள், அதற்கு ஐபி6கே9கே தனியே வேண்டும்.

தண்ணீர் பெரும்பாலும் வருவது நடுச் சீல் வழியாக அல்ல, பின்பக்க ஒயர் சீல் வழியாக. ஒயர் வளைந்து வெளியேறினால் சீலின் ஒரு பக்கம் அழுந்தும், மறுபக்கம் வாய் திறக்கும். பின்மூடியில் ஒயரை நேராகப் பிடிக்க ஒரு கிளாம்ப் வையுங்கள். கனெக்டரிலிருந்து வெளியே வந்த ஒயர் கொஞ்சம் தொங்கி மேலே ஏறட்டும், வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும்.

படி 7: கிரிம்ப்

வெளியே தெரியாத இந்த இடத்தில்தான் நிறைய வண்டிகள் எரிகின்றன. 16 சதுர மி.மீ ஒயரில் நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகள். டெர்மினல் குழாயை அழுத்தி அவற்றைப் பிடிக்க வைக்கிறோம், இதுதான் கிரிம்ப். சரியாக அழுத்தியதா என்று வெளியே பார்த்துச் சொல்லவே முடியாது.

ஒன்றைக் குறுக்கே வெட்டி, ரெசினில் பதித்து, மணல்தாளில் 1200 வரை தேய்த்து மெருகேற்றி மைக்ரோஸ்கோப்பில் வையுங்கள். நல்ல கிரிம்ப்பில் வட்ட இழைகள் ஒன்றை ஒன்று நெருக்கி அறுகோணமாகியிருக்கும், அச்சு அசல் தேன்கூடு. நடுவே கருப்பு இடைவெளி ஒன்றுகூடத் தெரியாது. வட்டங்கள் வட்டங்களாகவே தெரிந்தால் அழுத்தம் போதவில்லை, காற்று புகும், ஆக்சைடு வளரும். இழைகள் அடையாளமே தெரியாமல் நசுங்கி, குழாயின் ஓரத்தில் கூர்மையாகப் பிதுங்கியிருந்தால் அழுத்தம் அதிகம், இழைகள் வெட்டுப்பட்டிருக்கும். முதல் தடவை தேன்கூட்டைப் பார்த்த பையன்களின் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு அப்புறம் அவர்கள் கிரிம்ப்பை ஏனோதானோ என்று போடுவதில்லை.

சரியான வெட்டுமுகம் கிடைத்த கிரிம்ப்பின் உயரத்தை மைக்ரோமீட்டரில் அளந்து குறியுங்கள். உற்பத்தியில் காக்க வேண்டிய எண் அதுதான். கைக் கருவியால் அமுக்கிப் பல்லால் இழுத்துப் பார்க்கும் வேலை இந்த வோல்டேஜில் வேண்டாம்.

ஒயரைச் சுற்றி மின் இரைச்சலைத் தடுக்கும் உலோக வலை, அதாவது ஷீல்டு, வேண்டுமா என்பது இன்வெர்ட்டரையும் ஒயர் நீளத்தையும் பொறுத்தது. 400 வோல்ட் கார்களில் பெரும்பாலும் வேண்டும். போட்டால் வலையை முழு வட்டமாகப் பிடியுங்கள். ஒரு வாலாக முறுக்கி ஒரு இடத்தில் இணைத்தால் அதிக அதிர்வெண்ணில் அது ஆன்டெனாவாகிவிடும்.

படி 8: சோதனையை வரிசையாகச் செய்யுங்கள்

தனித்தனிச் சோதனை தனித்தனி மாதிரியில் செய்தால் எல்லாம் பாஸ் ஆகும். வாழ்க்கை அப்படி வருவதில்லை. ஒரே மாதிரியை எடுத்து, முதலில் தடை அளந்து, கழற்றி மாட்டும் சுழற்சி முடித்து, அதிர்வு, சூடு-குளிர் அதிர்ச்சி, ஈரச்சூடு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுபோய், ஒவ்வொன்றுக்கும் பின் தடையை மறுபடி அளக்க வேண்டும். நான்கு ஒயர் முறையில் (மின்னோட்டம் கொடுக்க இரண்டு, வோல்டேஜ் பார்க்க இரண்டு) அளந்து பாருங்கள். அளக்கக் கொடுக்கும் வோல்டேஜ் 20 மில்லிவோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது, அதிக வோல்டேஜ் கொடுத்தால் ஆக்சைடு படலம் உடைந்து பொய்யான நல்ல எண் வரும்.

வெப்ப ஏற்றச் சோதனையில் ஒரு ஏமாற்று உண்டு, பலர் தெரியாமலே செய்வது. வண்டியில் 16 சதுர மி.மீ ஒயர், ஆனால் லேபில் 25 கிடந்தது என்று அதைப் போட்டுச் சோதிப்பார்கள். தடித்த செம்பு கனெக்டரின் சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும். கனெக்டர் நன்றாகத் தெரியும், வண்டியில் எரியும். அதே ஒயர், அதே நீளம், அதே மூடிய இடம். சூழல் வெப்பத்துக்கு மேல் 55 டிகிரி ஏற்றத்தை எல்லையாக வைத்து ஆம்பியரைத் தீர்மானியுங்கள். சூழல் என்பது லேபின் 25 டிகிரி இல்லை, மே மாத வெயிலில் சீட்டுக்குக் கீழே இருக்கும் இடம்.

காப்புத்தடைக்கு வண்டி முழுமைக்கும் வோல்ட்டுக்கு 100 ஓம் என்பது குறைந்தபட்சம். 109 வோல்ட்டுக்கு 11 கிலோஓம்கூட இல்லை. அதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். வண்டியின் எல்லா உறுப்பும் சேர்ந்து அந்த எண்ணைப் பங்கு போடுகின்றன. ஒரு கனெக்டர் தனியாக, ஈரச்சூட்டுக்குப் பிறகும், நூற்றுக்கணக்கான மெகாஓம் காட்ட வேண்டும்.

பெங்களூருவில் மின்சாதனச் சோதனைக்கு 1960-இலிருந்து இருக்கும் மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனம் சதாசிவநகரிலேயே இருக்கிறது. வண்டி அளவிலான சான்றிதழுக்குப் புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ, மானேசரின் ஐகாட், நமக்குப் பக்கத்தில் சென்னை ஒரகடத்தின் சோதனை மையம். அங்கே போவதற்கு முன் உங்கள் மேசையிலேயே மேலே சொன்ன வரிசையை ஒருமுறை தோற்றுப் பாருங்கள். அது மலிவான தோல்வி.

படி 9: டூலிங், உற்பத்தி, திரும்பி வரும் கனெக்டர்கள்

மோல்டை வெட்டுமுன் டூல் ரூம் ஆட்களோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். மோல்டின் இரண்டு பாதிகள் சேரும் கோடான பார்ட்டிங் லைன், சீல் உட்காரும் பரப்பில் விழக் கூடாது. இதை டிசைனில் கவனிக்காமல் விட்டால், அந்தக் கோட்டில் பிதுங்கி நிற்கும் ஒரு மயிரிழைப் பிளாஸ்டிக் (ஃபிளாஷ்) வழியாக எல்லா மழையும் உள்ளே போகும். பாசிட்டிவ்-நெகட்டிவ் மாறி மாட்ட முடியாதபடி சாவி வடிவம் பிளாஸ்டிக்கிலேயே இருக்கட்டும், நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். இரவில் பெட்ரோல் பங்க் வெளிச்சத்தில் பேட்டரி மாற்றுபவருக்குச் சிவப்பும் கருப்பும் ஒன்றுதான்.

உற்பத்தியில் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் கிரிம்ப் உயரம், ரோலுக்கு ரோல் வெள்ளிப் பூச்சின் தடிமன், ஒவ்வொரு கனெக்டருக்கும் ஹைபாட் (அதிக வோல்டேஜ் கொடுத்துக் காப்பைப் பார்க்கும்) சோதனை. இவை மூன்றையும் எந்த அவசரத்திலும் விடாதீர்கள்.

வண்டி சந்தைக்குப் போன முதல் மழைக்காலம் முடிந்ததும், நன்றாக ஓடும் வண்டிகளிலிருந்தே ஒரு டஜன் கனெக்டரைக் கழற்றிப் புதியது மாட்டிக் கொடுங்கள். எரிந்தது தானாக வரும், நல்லதை நாம்தான் போய்க் கேட்டு வாங்க வேண்டும். கழற்றுவதற்கு முன் வண்டிக்காரரிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள். கழட்டும்போது சத்தம் வருமா, பொறி தெரியுமா, ஒரே இழுப்பில் இழுப்பாரா. அதற்குப் பிறகு பன்னிரண்டையும் மேசையில் வரிசையாக வைத்து, தடை அளந்து, ஒவ்வொன்றாக நீளவாக்கில் வெட்டி, முதலில் பின்னின் மூக்கைப் பாருங்கள்.